திருத்தாத கை

தூக்குக்கு நாள் குறிக்கப் போகிறார்கள், அந்தப் படகுக்காரரின் மகள் அழவே இல்லை. ரம்பத்துக்கு அதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. அழுகிறவர்களைச் சமாளிக்க அவனுக்குத் தெரியும். தண்ணீர் கொண்டுவந்து வைப்பான், மின்விசிறியைத் திருப்பி விடுவான், கைவசம் இருக்கும் மொக்கை ஜோக்குகளில் ஒன்றை எடுத்து விடுவான். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பேர் அவனைத் திட்டுவதற்காகவாவது அழுகையை நிறுத்துவார்கள். இந்தப் பெண் எதற்கும் வழி விடாமல், நாற்காலியின் நுனியில், இஸ்திரி போட்ட துணி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

வாயைத் திறந்தால் எதிராளியை அறுத்துத் தள்ளிவிடுவான் என்பதால் அவனுக்கு ரம்பம் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அவனுக்கே பாதி மறந்துவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அவனுடைய முதலாளி. வெளியே அவளைத் தராசு என்பார்கள், இவனுக்கு அக்கா. பல வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த கடைகளையும் அச்சகங்களையும் போய்ப் பார்த்து, தானாக எரிந்ததா, கொளுத்தினார்களா என்று சொல்கிற வேலை பார்த்தவள். சாம்பலைக் கிளறியே பழகின கண். இப்போது தனியாகத் துப்பறிகிறாள்.

"திங்கட்கிழமை கடைசி விசாரணை. அங்கயும் இல்லைன்னுட்டா, அதுக்கு மேல போய்க் கேக்க இடம் கிடையாதுன்னு வக்கீல் சொல்லிட்டார்," என்றாள் படகுக்காரர் மகள்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றாள் அக்கா.

சொன்னாள். ஆற்றங்கரைப் படகுத்துறையில் ஒரு சரக்குக் கிடங்கு. ஒரு நாள் காலை, மணிக்கூண்டில் ஏழு அடித்துக்கொண்டிருக்கும்போது, கிடங்குக்குப் பின்னால் அதன் மேலாளரை யாரோ மண்டையில் அடித்துப் போட்டுவிட்டார்கள். முந்தின நாள்தான் படகுக்காரருக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. 'உன்னைத் தண்ணியில முக்கி எடுக்கறேன் பாரு' என்று துறையே கேட்கக் கத்தியிருக்கிறார். போதாதா? பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அந்த நேரத்துல எங்கப்பா கீழ்ப்படியில உக்காந்து படகுக்குத் தார் பூசிக்கிட்டிருந்தார். யாரும் பாக்கல. எதிர்க்கரை மாடியில ஒருத்தர் உக்காந்து துறையைப் படம் வரைஞ்சிக்கிட்டிருந்தாரு, அவர் பாத்திருப்பார்னு அப்பாவே சொன்னார். அவரையே சாட்சிக்குக் கூப்பிடச் சொன்னார்."

"வந்தாரா?"

"வந்தார். அதனாலதான் தூக்கு."

ரம்பம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அந்த ஒருத்தர் சாதாரண ஆள் இல்லை. மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுக்கும் கலைஞர்களில் அவருக்கு மேல் ஆள் கிடையாது என்று பேர். பேப்பர்காரர்கள் அவருக்கு வைத்த பட்டம் 'திருத்தாத கை'. பேப்பரில் வரைந்தால் அழிக்கலாம். மரத்தில் ஒரு கோடு விழுந்தால் விழுந்ததுதான். மற்றவர்கள் தப்பாக ஒரு கோடு போட்டுவிட்டால், அந்த இடத்தை வட்டமாகத் துளைத்து எடுத்துவிட்டு, அதே மரத்தில் ஒரு தக்கை அடைத்து, அதன்மேல் மறுபடி செதுக்குவார்கள். தொழிலில் அது சாதாரணம். 'எனக்குத் தக்கை அடைக்கத் தெரியாது' என்பது இவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பெருமை. கண்ணில் பட்டதை, பட்டபடி, ஒரே தடவையில் செதுக்குவாராம்.

கோர்ட்டில் 'படகுத்துறை, காலை ஏழு' என்ற அந்தப் படத்தை மரச்சட்டம் போட்டே கொண்டுவந்து வைத்தார்கள். மணிக்கூண்டில் முள் ஏழில் நிற்கிறது. படகுகள் இருக்கின்றன. கயிற்று முடிச்சு கூடத் தெரிகிறது. கீழ்ப்படி காலி.

"எதையாவது விட்டுட்டீங்களான்னு கேட்டாங்க. 'என் உளி எதையும் விட்டதில்லை'ன்னார். மறுநாள் பேப்பர்ல அதைத்தான் பெரிசா போட்டாங்க." அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எங்கப்பாவுக்கு வலது முட்டி மடங்காதுங்க. படகுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டி நசுங்கினது. உக்காந்தா அந்தக் காலை நீட்டிக்கிட்டுத்தான் உக்காருவார். அந்த மனுஷன் கிடங்குக்குப் பின்னால ஓடிப் போய் அடிச்சுட்டு ஓடி வந்தாராம். ஓடறதாம்!"

"அந்தப் படம் இருக்கா?"

அவள் பையிலிருந்து ஒரு அழைப்பிதழை எடுத்தாள். அவள் வேலை பார்ப்பது ஒரு சலவைக்கடையில். தேய்க்க வந்த கோட்டுப் பையில் இருந்ததாம். வருகிற சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் அந்தக் கலைஞரின் பேரில் தனிக்கூடமே திறக்கிறார்கள். அழைப்பிதழின் முகப்பில் அதே படகுத்துறை, பழைய கட்டையிலிருந்தே புதிதாக அச்சடித்தது.

"திருப்பி வச்சிடுவேன்," என்றாள் அவசரமாக.

ரம்பம் எட்டிப் பார்த்தான். கீழ்ப்படியின் கறுப்பு நிழலில், மயிரிழை கனத்தில், வெள்ளையாக ஒரு வட்டம். சட்டைப் பட்டன் அளவுதான்.

"என்னம்மா, பட்டனோட சேத்துத் தேச்சிட்டியா? அச்சு விழுந்திருக்கு பார்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "என் இஸ்திரியில எதுவும் பதியாது," என்றாள். இன்னொரு அழைப்பிதழை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது வேற கோட்டுல இருந்தது. பாருங்க."

அதே இடம். அதே வட்டம்.

அக்கா பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தாள், நிமிரவே இல்லை. கோர்ட்டில் வைத்த படத்தில் இது இருந்ததா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றாள் பெண். அந்தப் படத்தைக் கண்ணை மூடினாலும் தன்னால் பார்க்க முடியும் என்றாள்.

"ரம்பம், உனக்குப் பல் அடைச்சிருக்காங்கல்ல?"

"ரெண்டு பல், அக்கா. ஒண்ணு போன மாசம் கழண்டு விழுந்திருச்சு."

"அதே கதைதான். அடைச்ச புதுசுல தெரியாது. நாளாக நாளாக மரம் காயும், தக்கை சுருங்கும். சுத்தி ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில மை ஒட்டாது." அக்கா விரலை அந்தப் படியின் மேல் வைத்தாள். "தக்கையே அடைக்கத் தெரியாதவர், சரியா இவங்கப்பா உக்காந்ததாச் சொல்ற இடத்துல ஒரு தக்கை அடைச்சிருக்கார்."

*

கலைஞரின் வீட்டில் முன்னறைதான் பட்டறை. வருகிறவர்கள் பார்ப்பதற்கென்றே வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஜன்னலோரம் தாழ்வான ஒரு மேஜை. அதன்மேல் மணல் நிரப்பிய உருண்டைத் தோல் தலையணை. கட்டையை அதன்மேல் வைத்துத் திருப்பித் திருப்பித்தான் செதுக்குவார்களாம். பக்கத்தில் குட்டிக் குட்டியாக உளிகள் வரிசையாக நின்றன. சுவர் முழுக்க அவருடைய புகைப்படங்கள். பரிசு வாங்கும்போது, பேசும்போது, பெரிய மனிதர்களோடு நிற்கும்போது.

ஆள் கதவு உயரம். இடது கையாலேயே நாற்காலியைக் காட்டினார், இடது கையாலேயே முடியைக் கோதினார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. புகைப்படங்களிலும் அப்படித்தான் இருந்தது.

"பையில என்ன சார், புதையலா? வெளிய எடுக்கவே மாட்டேங்கறீங்க," என்றான் ரம்பம்.

"செதுக்கற கை தம்பி. குளிர் பட்டா கெட்டுடும்," என்று அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. கேட்டவுடன் நமக்கும் சிரிக்கத் தோன்றும், ரம்பத்துக்கும் தோன்றியது. அதனால் அவன்மேல் அவனுக்கே எரிச்சல் வந்தது.

ஒரு அம்மாள் தேநீர்த் தட்டோடு வந்தார். ஒல்லி, குள்ளம், முன்கை முழுக்க மைக்கறை. "என் சம்சாரம். அச்செடுக்கறப்போ மை போட்டுத் தருவா," என்றார் கலைஞர். அந்த அம்மாள் கோப்பையை நீட்டியபோது உள்ளங்கையின் நடுவில் கறுத்துக் காய்த்துப்போன ஒரு தழும்பு தெரிந்தது. அச்சு எந்திரத்தின் பிடியை இழுத்து இழுத்து வந்ததாக இருக்கும் என்று ரம்பம் நினைத்துக்கொண்டான். யாரும் எதுவும் கேட்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

அக்கா அழைப்பிதழை மேஜைமேல் வைத்தாள்.

"இந்த வட்டம் என்ன சார்?"

அவர் குனிந்து பார்த்தார். கண் இமைக்கக்கூட இல்லை.

"கணு. மரம்னா கணு இருக்கும். பழசானா வெளிய தெரியும்."

"தக்கைன்னு நினைச்சேன்."

"நினைக்கலாம். எனக்குத் தக்கை அடைக்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும்." மணல் தலையணையை இடது கையால் தட்டிக்கொண்டே பேசினார். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு புரியுதும்மா. பாவம்தான் அந்த ஆளு. அதுக்காகப் படத்துல இல்லாதவனை நான் எப்படி உக்கார வைக்க முடியும்?"

"அந்தக் கட்டையைப் பாக்கலாமா?"

"நேத்தே கூடத்துக்குப் போயாச்சு. கண்ணாடிப் பெட்டி, பூட்டு, காவல். திறப்பு விழா முடியற வரைக்கும் நானே தொட முடியாது."

கதவை அறைந்து சாத்தின மாதிரி இருந்தது. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டதை ரம்பம் பார்த்தான். பேச்சை மாற்றுகிறவள் போல அவள் வரிசையிலிருந்து ஒரு உளியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "பிடிச்சுப் பார்டா. நாளைக்கு உனக்கு வேற வேலை தேட வேண்டியிருக்கும்."

பிடித்தான். காளான் குடை மாதிரி ஒரு மரக்குமிழ், அதிலிருந்து விரல் நீளத்துக்கு எஃகுக் கம்பி. குமிழ் உள்ளங்கையில் அழகாக உட்கார்ந்தது. முனை கட்டை விரலுக்குக் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. அவன் கை சின்னக் கை. அதைச் சொல்லிச் சொல்லியே பள்ளியில் அவனை ஓட்டியிருக்கிறார்கள்.

"இப்படியா சார்?"

"இல்லை தம்பி, கொடு." அவர் இடது கையில் வாங்கிக் காட்டினார். அந்தப் பெரிய கைக்குள் உளி போன இடம் தெரியவில்லை. அவசரமாகத் திருப்பி வைத்தார். "விழா வேலை தலைக்கு மேல கிடக்கு. மன்னிச்சுக்குங்க."

*

தெருவுக்கு வந்ததும் ரம்பம் பொங்கிவிட்டான்.

"கணுவாம் கணு! ஒரே வார்த்தையில நம்ம மூக்கை உடைச்சு அனுப்பிட்டான் அக்கா. அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"கணுன்னா முதல் நாள்லயே தெரிஞ்சிருக்கணும். வயசானா நமக்குத்தான் புதுசு புதுசா முளைக்கும், மரத்துக்கு முளைக்காது," என்றாள் அக்கா. அவள் முகம் விழுந்துவிட்டதாக அவன் நினைத்தது தப்பு, இப்போது அதில் வாட்டமே இல்லை. "அதை விடு. உளி உனக்கு எப்படி இருந்தது?"

"எனக்குன்னே செஞ்ச மாதிரி."

"அவருக்கு?"

ரம்பம் நின்றுவிட்டான்.

"ஒரு அச்சகம் எரிஞ்சப்போ நஷ்டம் பாக்கப் போயிருந்தேன். செதுக்கறவங்க கருகின உளியைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. புதுசு வாங்கிக்கலாமேன்னேன். சிரிச்சாங்க. உளியை வாங்கினதும் அவங்கவங்க உள்ளங்கைக்குத் தகுந்த மாதிரி கம்பியை வெட்டித் தேச்சுக்குவாங்களாம். ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு உதவாதாம். அந்த மேஜையில இருந்த உளி எல்லாமே குட்டை. அந்த மனுஷன் கையில பிடிச்சா முனை வெளியவே வரல. பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். அப்போ அது..." உள்ளங்கை நடுவில் கறுத்துக் காய்த்திருந்த அந்தத் தழும்பு அவன் கண் முன்னால் வந்தது. எந்திரத்தின் பிடியை இழுத்தால் விரலடியில் காய்க்கும். உள்ளங்கை நடுவில் எப்படிக் காய்க்கும்? அங்கே குமிழ் உட்கார்ந்தால்தான் காய்க்கும்.

"ஐயோ," என்றான் ரம்பம். "மை போட்டுத் தருவாளாம்!"

அக்கா ஏற்கெனவே பக்கத்துச் சந்துக்குள் திரும்பி, வீட்டின் பின்வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

*

பின்கட்டில் அந்த அம்மாள் மை உருளைகளை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, யாரென்று கேட்கவும் இல்லை.

"அவர் முன்னாடி இருக்கார்," என்றார்.

"உங்களைத்தான் பாக்க வந்தோம்," என்றாள் அக்கா. "எவ்வளவு நாளா நீங்க செதுக்கறீங்கம்மா?"

உருளை கையிலேயே நின்றது. ரம்பம் தலையைக் குனிந்துகொண்டான். ஒருத்தர் இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை இப்படி நின்ற இடத்தில் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தான்.

"அவர் கை நடுங்க ஆரம்பிச்சதுலேருந்து," என்றார் அந்த அம்மாள் கடைசியில். "ஆரம்பத்துல செதுக்கினது எல்லாம் அவர்தான். அதுல ஒண்ணும் பொய் இல்ல. எனக்குக் கத்துக் கொடுத்ததும் அவர்தான். காய்ச்சல்ல படுத்தார், எழுந்தப்போ வலது கை அவர் சொன்னபடி கேக்கல. அந்த நேரம் பாத்துத்தான் பேரு வர ஆரம்பிச்சது. கொஞ்ச நாளைக்கு நான் செய்யறேன்னேன். இடது கையால கட்டைமேல வரைஞ்சு தருவார், நான் செதுக்குவேன். கொஞ்ச நாள்தான்னு ரெண்டு பேருமே நினைச்சோம்." நிமிர்ந்து பார்த்தார். "இதைப் பேப்பர்ல போடப் போறீங்களா?"

"இல்லைம்மா. எங்களுக்கு ஒரே ஒரு கட்டையைப் பத்தித் தெரிஞ்சா போதும். படகுத்துறை. கீழ்ப்படியில தக்கை அடைச்சது நீங்கதானே?"

"தெரியுதா?" என்றார். சட்டென்று தொழில்காரியின் குரல் வந்துவிட்டது. "அழைப்பிதழ் அச்செடுத்தப்பவே பாத்தேன். அடைச்சப்போ இழை கூடத் தெரியாது. என் வாழ்க்கையில அடைச்ச ஒரே தக்கை அது."

"அங்க என்ன இருந்தது?"

"படகுக்காரன்," என்றார் சாதாரணமாக. "தார்ச்சட்டியைப் பக்கத்துல வச்சிக்கிட்டு, ஒரு காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். அவர் நல்லா வரைஞ்சிருந்தார். நக அளவுதான் ஆளு, ஆனா முதுகு வளைஞ்சதுல அவனோட களைப்பு தெரியும். கடைசியா தலையைச் செதுக்கிக்கிட்டிருந்தேன். உளி வழுக்கிடுச்சு. சரியா கழுத்துல. குறுக்கே ஒரு கோடு. அறுத்த மாதிரி ஆயிடுச்சு. அச்செடுத்துக்கூடப் பாத்தேன், என்ன பண்ணியும் மறைக்க முடியல. அந்தச் சின்ன இடத்துல மறுபடி ஆளைக் கொண்டுவர எனக்குத் தைரியம் இல்ல. துளைச்சு எடுத்துட்டு வெறும் படியா செதுக்கிட்டேன். படத்துக்கு ஒண்ணும் குறையலன்னு அவரும் சொல்லிட்டார்."

ரம்பத்துக்குத் தன் கழுத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றியது.

"அவனைப் பத்தி எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் அந்த அம்மாள். "யாரையோ கொன்னுட்டான்னு ஜெயில்ல போட்டாங்களே, அந்தப் படகுக்காரன்தானே? அவனே ஒத்துக்கிட்டானாமே."

"யார் சொன்னா?" என்று கத்திவிட்டான் ரம்பம்.

"அவர்தான். கோர்ட்டுலேருந்து வந்து சொன்னார். படத்தைப் பத்திக் கேட்டாங்க, இருக்கறதைச் சொன்னேன், அந்த ஆளு ஒத்துக்கிட்டான்னு..."

"அவர் எதையும் ஒத்துக்கலம்மா! மணி ஏழுக்கு அந்தப் படியிலதான் இருந்தேன்னு தலைப்பாடா அடிச்சுக்கறார். உங்க படத்தைக் காட்டித்தான், படி காலின்னு சொல்லித்தான், தூக்கு போட்டிருக்காங்க. எதையாவது விட்டுட்டீங்களான்னு கேட்டதுக்கு உங்க வீட்டுக்காரர், என் உளி எதையும் விட்டதில்லைன்னு சொல்லியிருக்கார்!"

உருளை கீழே விழுந்து உருண்டு போனது. அந்த அம்மாள் எழுந்தார். மண்ணெண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இவர்களைத் தாண்டி, நேராக முன்னறைக்குள் போனார். இவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். கலைஞர் நாற்காலியில் உட்கார்ந்து விழாப் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் மணல் தலையணையைத் தூக்கினார். அதற்கு அடியில், தலையணை நழுவாமல் இருப்பதற்காக வைத்த பழைய தாள்கள் ஒரு அடுக்கு. பாதி செதுக்கினதும் அச்செடுத்துப் பார்த்த புரூஃப்கள், மை அதிகமாகிக் கெட்டுப்போனவை. கலைஞர் பேசும்போதெல்லாம் தட்டிக்கொண்டிருந்த அதே தலையணைக்கு அடியில். நடுவிலிருந்து ஒரு மெல்லிய தாளை உருவினார்.

மணிக்கூண்டு. முள் ஏழில். கீழ்ப்படியில் ஒரு ஆள். வலது காலை நீட்டியிருந்தார்.

"என்ன காரியம் பண்றே?" என்றார் கலைஞர்.

"இவன் இருந்தான்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதானே வரைஞ்சீங்க."

"தெரியும்." அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "சொல்லத்தான் போனேன். சத்தியமாச் சொல்றேன், சொல்லத்தான் போனேன். தக்கைன்னு சொன்னா ஏன் அடைச்சேன்னு கேப்பாங்க. எப்படின்னு கேப்பாங்க. உளியைக் கையில கொடுத்துக் காட்டச் சொல்லுவாங்க. என்னத்தைக் காட்டறது? இதையா?"

வலது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. ரம்பம் அந்தக் கையை முதல் தடவையாகப் பார்த்தான். காற்றில் மாட்டிக்கொண்ட காகிதம் மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

"உங்க ஒரு கை நடுங்கறது வெளிய தெரியக்கூடாதுன்னு, இன்னொருத்தன் கழுத்தா?" என்றார் அந்த அம்மாள்.

"சனிக்கிழமை கூடம் திறக்கறாங்க. ஒரே ஒரு சனிக்கிழமை. அது முடியட்டும். திங்கட்கிழமை காலையில நானே கோர்ட்டுக்கு வந்து சொல்லிடறேன். நீ என்னை நம்பு."

அவர் சொன்ன விதத்தில், ரம்பமே ஒரு கணம் நம்பிவிட்டான். அவ்வளவு நன்றாகச் சொன்னார்.

"உங்க வார்த்தையை ஒரு தடவை நம்பியாச்சு," என்றார் மனைவி.

"அத்தனை படமும் பொய்யின்னு ஆயிடும்!"

"படம் பொய் ஆகாது. பேருதான் மாறும்."

அதற்குமேல் அவருக்கு என்ன தோன்றியதோ, பாய்ந்து அந்தத் தாளைப் பிடுங்கிவிட்டார். ரம்பம் மேஜையைத் தாண்டுவதற்குள் தாள் அந்த வலது கையில் கசங்கிவிட்டது. கிழிக்கப் பார்த்தார். ஒரே இழுப்பில் போய்விடும் மெல்லிய தாள். ஆனால் அந்தக் கை இழுக்கவில்லை. கசக்கியது, நடுங்கியது, விட்டுவிட்டது. தாள் தரையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்கா குனிந்து எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் வாசலுக்கு வந்தபோது அவர் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார், கையைப் பைக்குள் வைக்க மறந்து.

*

சலவைக்கடையில் படகுக்காரர் மகள் மட்டும்தான் இருந்தாள். அக்கா தாளைத் தேய்க்கும் மேஜைமேல் விரித்தாள். சுருக்கம் சுருக்கமாக இருந்தது, மணிக்கூண்டே ரெண்டாக மடங்கியிருந்தது. வக்கீலுக்குச் சொல்லியாயிற்று, தாளோடும் சாட்சியோடும் உடனே வரச் சொல்லிவிட்டார் என்றாள் அக்கா. அந்தப் படியில் இவர் இருந்தார் என்று ஆகிவிட்டால், கிடங்குக்குப் பின்னால் போனது யார் என்று போலீஸ் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். அது இனிமேல் அவர்கள் பாடு, நம் பாடு இல்லை.

பெண் எதையும் காதில் வாங்கவில்லை. குனிந்து அந்த நக அளவு ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்," என்றாள். "காலை நீட்டிக்கிட்டு. இது எங்கப்பா."

அவ்வளவு நேரம் அழாதவள் இப்போது அழுதாள். ரம்பம் தண்ணீர் எடுக்கப் போகவில்லை, ஜோக்கும் சொல்லவில்லை. சும்மா நின்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆற விட்டாள். தாளின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, அழுத்தாமல், ஓரத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். துணியை எடுத்தபோது படகுகள் நேராகியிருந்தன, மணிக்கூண்டு நிமிர்ந்திருந்தது. அவள் சொன்னது சரிதான், அவள் இஸ்திரியில் எதுவும் பதியவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு.

மறுபடி துணியைப் போட்டாள். மறுபடி தேய்த்தாள். எடுத்துப் பார்த்தாள்.

"இந்தச் சுருக்கம் மட்டும் போக மாட்டேங்குது," என்றாள்.

கதவோரம் நின்றிருந்த அந்த அம்மாள் முன்னால் வந்தார். கையில் உளிகளைச் சுற்றிய துணிமூட்டை இருந்தது. கோர்ட்டில் செதுக்கிக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டுமே என்று கிளம்பும்போதே எடுத்து வந்திருந்தார்.

"அது சுருக்கம் இல்லம்மா. அது நான் போட்டது. போகாது."

படகுக்காரர் மகள் அவரைப் பார்த்தாள். அந்த மைக்கறைக் கையைப் பார்த்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க வந்து சொல்லுங்க," என்றாள். "போயிடும்."